லீவில் வந்த வீரன்

திரையில் அவன் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். தோளில் ஒரு துணி மூட்டை, நெற்றியில் ஆறாத வெட்டுக்காயம், தலையில் அதே குடுமி. வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த முறம் அப்படியே நின்றது. பின்னணி இசையும் நின்றுவிட்டது. மன்னார்குடி தியேட்டரில் மதியக் காட்சிக்கு வந்திருந்த நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்து என் பக்கத்து சீட்டிலிருந்த பவுசியா லாத்தா திரையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"ஏங்க, லீவுலயா, கேன்சல்லயா?"

தியேட்டரே சிரித்தது. முன் வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்து விசில் அடித்தார்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்துச் சிரித்து துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கான பதில் முந்தின வெள்ளிக்கிழமைதான் என் வீட்டுக்கு போனில் வந்திருந்தது.

எங்கள் ஊர் குசலம்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் மாமியாரின் மீன் குழம்பைப் பற்றி எழுதியதற்கு மாமியே கோபித்துக்கொண்டார். புளி அதிகம் என்று நான் எழுதியது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதாம். ஆகவே இந்த வாரம் சமையல் இல்லை, சண்டைப் படம்.

கூத்தாநல்லூரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஆண்களைத் தேடினால் பள்ளிக்கூடம் போகிறவர்களும் கைத்தடி பிடித்தவர்களும்தான் கிடைப்பார்கள். நடுவில் இருப்பவர்கள் ஷார்ஜாவிலோ குவைத்திலோ இருப்பார்கள். சபராளி என்போம், பயணம் போனவர் என்று அர்த்தம். ஒரு சபராளி ஊருக்கு வந்து இறங்கினால், பெட்டியைக் கீழே வைப்பதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள். லீவுலயா, கேன்சல்லயா?

லீவு என்றால் திரும்பப் போய்விடுவார். கேன்சல் என்றால் விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டார். உலகத்தில் மற்றவர்களுக்கு ரயில் கேன்சல், கல்யாணம் கேன்சல் என்று அது கசப்பான சொல். எங்களுக்கு அதைவிட இனிப்பான சொல் கிடையாது.

பவுசியா லாத்தா எனக்கு அடுத்த வீடு. மூத்த பெண்களை நாங்கள் லாத்தா என்று கூப்பிடுவோம். அவர் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். லாத்தாவுக்குக் கல்யாணமாகி மகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, வீட்டுக்காரர் இன்னும் லீவில்தான் வந்துகொண்டிருக்கிறார். வந்தவர் ஊரில் இருக்கும் நாட்களில் லாத்தா என்னோடு பேசவே மாட்டார். நேரமிருக்காது.

கண் டாக்டரும் குடுமிக்காரனும்

குடுமிக்காரன் படத்தின் முதல் பாகம் வந்தபோது எனக்குக் கல்யாணமாகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கிழக்குத் தேசத்துப் படம், தமிழில் பேசவைத்திருந்தார்கள். தமிழில் வைத்த பெயரை எழுதினால் சிரிப்பீர்கள். இரும்பு, புலி, முஷ்டி மூன்றும் அதில் இருந்தன. எங்கள் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. குடுமிக்காரன் படம் என்றால் போதும்.

என் வீட்டுக்காரர் அஷ்ரப்புக்குச் சண்டைப் படம் என்றால் உயிர். பள்ளிக்கூட நாட்களில் ரைஸ் மில் களத்தில் கொஞ்ச காலம் கராத்தே படித்து மஞ்சள் பெல்ட்வரை போயிருக்கிறார். அந்த பெல்ட்டை ஒரு பக்ரீதுக்கு மாமி ஆட்டைக் கட்ட எடுத்துக்கொண்டதோடு அவருடைய வித்தை முடிந்தது. ஆடு அதை மென்றுவிட்டது என்று இன்னும் வருத்தப்படுவார்.

புதுப் பெண்ணைச் சினிமாவுக்கு அழைத்துப் போகிறேன் என்று மாமியிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். தஞ்சாவூரில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாமி, "ரெண்டு பேருக்குமா கண்ணு வலி?" என்று மட்டும் கேட்டார். பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வழியெல்லாம் நடவு முடிந்த வயல்களின் ஈர வாசனை வந்துகொண்டிருந்தது. என் புது புர்காவின் கஞ்சி வாசனையும் அதோடு சேர்ந்துகொண்டது. இப்போதும் புதுத் துணியைப் பிரித்தால் எனக்கு அந்த பஸ்தான் நினைவுக்கு வருகிறது.

தியேட்டரில் நான் பாதிப் படம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவர் என் காதில் ஓயாமல் விளக்கம் சொன்னார். "இது நெஜமான அடி. இது கயிறு கட்டித் தூக்குறான். இப்ப பாரு, அடிக்கிறவன் கைய அவன் புடிக்கமாட்டான், தள்ளி விட்டுருவான்." நான் கணக்கு டீச்சர். இத்தனை பேரை ஒருத்தன் எப்படி அடிப்பான் என்று கேட்டேன். ஒவ்வொருத்தனாகத்தானே வருகிறார்கள், கவனிக்கவில்லையா என்றார்.

முதல் பாகத்தின் கடைசியில் அவனுடைய எதிரி ஆற்றுக்கு அக்கரைப் பட்டணத்தில் இருப்பதாகச் செய்தி வரும். விடிவதற்கு முன்னால் எழுந்து, தூங்குகிற மனைவியைக் கதவருகில் நின்று பார்த்துவிட்டு, எழுப்பாமலேயே படகில் ஏறிப் போய்விடுவான். அங்கே 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள்.

"சொல்லாமப் போறானே, என்ன ஆம்பளை இவன்?" என்றேன்.

அவர் சீட்டிலிருந்து எழுந்து எனக்கு வழிவிட்டார். பிறகு, "எழுப்பினா போவ முடியாது" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஓர் ஒப்பந்தம் போட்டார். "ரெண்டாம் பாகம் வந்தா ஒன்னாத்தான் பாக்கணும். நீ தனியாப் பாக்கக் கூடாது. நானும் ஷார்ஜாவுல பாக்க மாட்டேன். அதுக்குள்ள கேன்சல்ல வந்துருவேன்." நான் தலையாட்டினேன். ஒரு படத்தின் இரண்டாம் பாகம் எடுக்க எவ்வளவு காலம் ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் லீவு முடிந்து அவர் ஷார்ஜாவுக்குப் புறப்பட்டார். எங்கள் வழக்கப்படி தெருவில் எல்லா வீட்டுக்கும் போய்ப் பயணம் சொன்னார். பெரியவர்கள் எல்லோரும் தலையைத் தொட்டு துஆ செய்தார்கள். காரில் ஏறும்வரை அவரைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். அத்தனை பேருக்கு நடுவில் என்னிடம் தனியாகப் பயணம் சொல்ல அவருக்கு வழியில்லாமல் போயிற்று.

காதைப் பொத்திக்கொண்ட வாரம்

இரண்டாம் பாகம் வர ஆண்டுகள் ஆயின. நடுவில் அவர் லீவில் வந்து போனார், மறுபடியும் வந்து போனார். எங்கள் மகள் ஷிபா பிறந்தாள், பள்ளிக்கூடம் சேர்ந்தாள். அத்தா என்றால் போனில் தெரிகிற முகம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், அவர் நேரில் வந்து நின்றபோது போனைத் தேடினாள்.

ஒருநாள் அவரே கூப்பிட்டுச் சொன்னார். "வருது. ட்ரெய்லர் பாத்துட்டேன். குடுமி இன்னும் இருக்கு." அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் பல காலமாகக் கேட்டதில்லை. முதலாளியிடம் பேசிவிட்டதாகவும், இந்த முறை முடித்துக்கொண்டே வந்துவிடுவதாகவும் சொன்னார். அன்று மாமியே அரிசி மாவு இடித்துச் சலித்து வைத்தார். மகனுக்கு இடியாப்பம் பிடிக்கும்.

சம்பா அறுப்பு முடிகிற சமயம் படம் வந்தது. அவர் வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள், பேப்பர் வேலை முடியவில்லை என்றார். நானும் ஒப்பந்தப்படி பார்க்காமல் காத்திருந்தேன்.

காத்திருக்க விடுவார்களா? ஊரே பார்த்துவிட்டு வந்து என் காதருகில் பேசியது. பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "டீச்சர், மொத பாகம் மாதிரி இல்லைங்க. இதுல கயிறு கண்ணுக்கே தெரியுது" என்றார். ஆட்டோக்காரப் பையன் சண்டையில் மெய்மறந்துபோய் மூன்று தடவை பார்த்ததாகச் சொன்னான். ஸ்டாஃப் ரூமில் சயின்ஸ் டீச்சர் உட்காரும்போதே ஆரம்பித்தார்.

"அந்தப் பொண்ணு இருக்கே டீச்சர், அதை இந்தப் பாகத்துல..."

"சொல்லாதீங்க. அவரு வந்ததும் நாங்க பாக்கப் போறோம்."

"எப்ப வர்றாரு?"

நான் காதைப் பொத்திக்கொள்வதுபோல் விளையாட்டுக் காட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

பாத்துட்டு வா

வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு. ஜும்ஆ தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுவார். அன்றும் கூப்பிட்டார். ஷிபாவோடு பேசினார், மாமியோடு பேசினார். பிறகு என்னிடம் வந்தார்.

"படம் இன்னும் ஓடுதா அங்க?"

"மன்னார்குடியில ஓடுது. இந்த வாரத்தோட எடுத்துருவாங்கன்னு சொல்றாங்க."

"அப்ப நீ போய்ப் பாத்துட்டு வா."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"லாத்தாவக் கூட்டிக்க. தியேட்டர்ல பாத்தாத்தான் நல்லா இருக்கும். போன்ல பாத்தா ஒன்னும் தெரியாது" என்று அவர் அவசரமாகப் பேசிக்கொண்டே போனார். முதலாளி இன்னொரு கடை போடுகிறாராம். இவர் இல்லாமல் ஆகாது என்கிறாராம். கொஞ்ச நாள்தானாம். அதையெல்லாம் அவர் பிறகுதான் சொன்னார். 'பாத்துட்டு வா' என்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். மாமி என் முகத்தைப் பார்த்தார். சலித்து வைத்திருந்த மாவை எடுத்து டப்பாவில் கொட்டி மூடினார். "போயிட்டு வா. ஊட்ல உக்காந்து செவத்தப் பாக்குறதுக்கு அதையாவது பாரு" என்றார்.

வயலில் நடந்த சண்டை

எனவே அந்த மதியக் காட்சி. படம் தொடங்கியதுமே ஒரு பெரிய சண்டை. வெளியூர்களில் எல்லாம் அதற்குத்தான் கைதட்டல் விழுந்ததாகக் கேள்வி. விளைந்து தலைசாய்ந்து நிற்கிற நெல் வயலுக்குள் குடுமிக்காரனும் ஒரு படையும் இறங்கி அடித்துக்கொள்கிறார்கள். மஞ்சள் கதிர்கள் தெறிக்க, கேமரா சுற்றிச் சுற்றி வருகிறது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மன்னார்குடியில் ஒரு கைதட்டல் இல்லை. இந்த வருஷம் அறுப்பு நேரத்தில் மழை வந்து, சுற்றுவட்டாரத்தில் பாதிப் பயிர் சாய்ந்து முளைவிட்டிருந்தது. எங்கள் வரிசைக்கு முன்னால் பச்சைத் துண்டு போட்ட ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார்.

"ஏன்டா, வரப்புல நின்னு அடிச்சுக்கக் கூடாதா? அறுப்புக்கு நிக்கிற பயிர்லதான் எறங்கணுமா?"

அவர் பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "சினிமாங்க அது. உக்காருங்க."

"சினிமான்னா? நெல்லு நெல்லுதானே" என்றார் பெரியவர். வில்லன் கதிர்மேல் விழுந்து புரண்டபோது தியேட்டரில் பலர் உச்சுக்கொட்டினார்கள். அடிபட்டவனுக்காக யாரும் உச்சுக்கொட்டவில்லை. படம் எடுத்தவர்கள் அன்று எங்களோடு உட்கார்ந்திருந்தால் குழம்பிப்போயிருப்பார்கள்.

அந்தச் சண்டை முடிந்துதான் குடுமிக்காரன் வீட்டுக்கு வருகிறான், லாத்தா அந்தக் கேள்வியைக் கேட்கிறார். சிரிப்பு அடங்கியதும் ஒரு பாட்டு. அவள் அவனுக்குத் தலை சீவிக் குடுமி கட்டுகிறாள். காயத்துக்கு மருந்து வைக்கிறாள். சோறு போடுகிறாள், அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாட்டு முடிகிறது. எதிரியின் தம்பி உயிரோடு இருப்பதாகச் செய்தி வருகிறது. குடுமிக்காரன் மூட்டையைத் தூக்குகிறான்.

"லீவுதான்" என்றார் லாத்தா. இந்த முறை மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி.

திரையில் அந்தப் பெண் வாசலில் நின்றாள். அவன் படலைத் தாண்டிவிட்டான். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "போவாதேன்னு சொல்லேன்டி."

"அதெப்படிச் சொல்லுவா?" என்றது இன்னொரு குரல்.

எப்படிச் சொல்லுவாள்? எங்கள் தெருவில் பயணம் போகிறவரைப் பார்த்து எந்தப் பெண்ணும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொன்னால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். நல்லபடியா போயிட்டு வாங்க என்றுதான் சொல்ல வேண்டும், அழுவதென்றால் கார் தெருமுனை திரும்பிய பிறகு அழ வேண்டும். மாமி தன் கணவரை அப்படித்தான் மலேசியாவுக்கு அனுப்பினார். பிறகு மகனையும் அப்படித்தான் அனுப்பினார். நானும் ஒவ்வொரு தடவையும் கண்ணில் ஈரமில்லாமல் நின்று வழியனுப்பி, நல்ல மருமகள் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு நடந்த சண்டைகள் எல்லாம் முதல் பாகத்தைவிட நன்றாக இருந்ததாகப் பையன்கள் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். அந்தப் பெண் மறுபடியும் திரைக்கு வருவாளா என்று மட்டுமே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கடைசியில் மூன்றாம் பாகம் உண்டு என்று போட்டார்கள். லாத்தா எழுந்து புர்காவை உதறிக்கொண்டு, "அதுலயும் ஒரு பாட்டுக்கு வருவான்" என்றார்.

அவர் கேட்ட கேள்வி

அன்று மாலை மக்ரிபு தொழுகை முடிந்ததும் போன் வந்தது. ஷிபா பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மாமி கட்டிலில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"சண்டை எப்படி?"

வயல் சண்டையைச் சொன்னேன், பெரியவர் எழுந்து நின்றதைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். ரூமில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் அவர் சிரிப்போடு சேர்ந்து கேட்டது. சிரித்து முடித்ததும் அவர் குரல் இறங்கியது.

"அவன் ஊட்டுக்கு வந்தானா?"

"வந்தான்."

"எத்தன நாள் இருந்தான்?"

படம் பார்த்த அத்தனை பேரில் ஒருவர்கூட இந்தக் கணக்கைப் பேசவில்லை. ஜெயித்தானா, யாரைக் கொன்றான், கயிறு தெரிந்ததா என்றுதான் பேசினார்கள். எனக்கு அவர் மேலிருந்த கோபமெல்லாம் அந்தக் கேள்வியில் போய்விட்டது. அந்த ரூமில் எட்டுப் பேரோடு படுத்துக்கொண்டு அவரும் இதையேதான் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"ஒரு பாட்டு வரைக்கும்" என்றேன்.

"போறப்ப அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"ஒன்னும் சொல்லல. வாசல்ல நின்னுச்சு."

"முழிச்சுக்கிட்டுத்தானே இருந்துச்சு? அப்பவுமா ஒன்னும் சொல்லல?"

அதற்குமேல் என்னால் படத்தைப் பற்றிப் பேச முடியவில்லை. மாமி இருக்கிறார், மகள் இருக்கிறாள் என்ற நினைப்பும் வரவில்லை. "அது சொல்லல. நான் சொல்றேன் மச்சான். அங்க இருக்காதீங்க. வந்துருங்க. லீவுல வராதீங்க, முடிச்சுக்கிட்டு வாங்க. மறுபடி ஒரு தடவ உங்கள அனுப்பி வைக்க என்னால முடியாது."

மணி உருட்டுகிற சத்தம் நின்றது. ஷிபா நிமிர்ந்து பார்த்தாள். லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"இத்தன வருஷத்துல இத நீ ஒரு தடவகூடச் சொன்னதில்ல" என்றார் அவர். "நீ சொல்ல மாட்டேங்கிற தைரியத்துலதான் நான் ஒவ்வொரு தடவையும் கெளம்பினேன்."

இதை எழுதும்போதும் அவர் ஷார்ஜாவில்தான் இருக்கிறார். தேதி எதுவும் சொல்லவில்லை. எனக்கு அவர் வேண்டும், வீட்டில் வேண்டும், மீன் குழம்பில் புளி அதிகம் என்று சொல்லிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதைப் பத்திரிகையில் எழுத எனக்கு வெட்கமில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனை வைப்பதற்கு முன்னால், வந்துருங்க என்று சொல்கிறேன். மாமி காதில் விழும்படியே சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை நான் சொல்லி முடித்ததும் மாமி கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். கணவரையும் மகனையும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வழியனுப்பிய மனுஷி, போனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

பிறகு சொன்னார். "தம்பி, நானும் அதத்தான் சொல்றேன்."